கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் கேபினட்டைத் திறந்து பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம் ஆனதும் பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழும். "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் கேம்ஸ் எல்லாம் சூப்பராக ஓடுமாம்" என்று பையன் ஆரம்பிப்பான். கடைக்குப் போனால், "2 ஜி.பி. வேண்டுமா, 4 ஜி.பி. வேண்டுமா?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பி விடுங்கள் என்பேன். பதில் கடையில் இல்லை. உங்கள் கேபினட்டுக்குள் இருக்கிறது.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் சிக்கல் குறைவு. கம்பெனியிலிருந்து முழுதாக வரும் பிராண்டட் கம்ப்யூட்டரில்தான் தொல்லை. ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் இன்று பலர் வாங்குவது, அலுவலகங்களில் ஓடி முடித்து, துடைத்து விற்பனைக்கு வரும் சிறிய டெஸ்க்டாப்களைத்தான். உதாரணத்துக்கு 2013-ல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 சிறிய ரகத்தை எடுத்துக் கொள்வோம். இதன் எஸ்.எம்.பி.எஸ். 255 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின் ஒயர் அதில் கிடையாது. அப்படியானால் கார்டுக்கு மின்சாரம் மதர்போர்டு ஸ்லாட் வழியாக மட்டுமே வர வேண்டும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக் கூடியது அதிகபட்சம் 75 வாட். சில கம்பெனிகளின் சிறிய கம்ப்யூட்டர்களில் இதையும் பாதியாகக் குறைத்து வைத்திருப்பார்கள். உங்கள் மாடலின் மேனுவலில் இதைப் பார்த்து விடுங்கள்.

"எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி விடலாம் சார்" என்பார் கடைக்காரர். சுலபமில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 பின் ஒயர் இந்த மதர்போர்டில் பொருந்தாது. இதில் இருப்பது 8 பின். மாற்று ஒயர் கிடைக்கிறது என்றாலும், சிறிய கேபினட்டுக்குள் அந்தப் பெரிய பெட்டியை எங்கே வைப்பது? ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் இழுக்கும் மலிவான கன்வெர்ட்டர்களையும் விற்கிறார்கள். அதன் பக்கமே போகாதீர்கள். அதிக மின்சாரம் இழுத்தால் ஒயர் சூடாகி உருகும்.

வீட்டில் 600 வி.ஏ. யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அது தருவது பொதுவாக 360 வாட் அளவுதான். மானிட்டரும் அதில்தான் ஓடுகிறது.

இனி கார்டுக்கு வருவோம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் உள்ள பெயரையும் ஜி.பி.யையும் மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். என்விடியாவின் ஜிடி 1030 என்ற கார்டு 2017-ல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது. 2018-ல் அதே பெயரில், அதே 2 ஜி.பி. அளவில், டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. முதலாவது ஒரு நொடிக்கு 48 ஜி.பி. தகவலைக் கையாளும். இரண்டாவது கையாள்வது 16.8 ஜி.பி.தான்! கேம்ஸில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஜிடி 730 கதை இதைவிட மோசம். ஒரே பெயரில் மூன்று விதமான கார்டுகள். அதில் 4 ஜி.பி. என்று பெரிதாக அச்சிட்டு விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மெதுவான மெமரி எத்தனை ஜி.பி. இருந்து என்ன பயன்?

ஆர்டிஎக்ஸ் 3050-லும் இதே குழப்பம். 2022-ல் வந்த 8 ஜி.பி. கார்டு 130 வாட் இழுக்கும். தனி மின் இணைப்பு வேண்டும். 2024-ல் வந்த 6 ஜி.பி. கார்டு 70 வாட்தான். சிறிய கேபினட்டில் பொருந்தும் அரை உயர மாடல்களும் அதில் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650-லும் அரை உயர மாடல் உண்டு. ஆனால் அதன் முழு உயர மாடல்கள் பலவற்றில் 6 பின் இணைப்பு இருக்கும் என்பதால், பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 6400 53 வாட்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய மதர்போர்டில் அதன் வேகம் குறையும். வீடியோ ரெக்கார்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை.

என் கருத்து இதுதான். பத்து வருடத்துக்கு மேல் பழைய கம்ப்யூட்டருக்கு விலை உயர்ந்த கார்டு வேண்டாம். 9020-ல் உள்ள நான்காம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்து விட்டது. அந்தப் பணத்தில் எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் அதே வகையில் இன்னொன்று சேருங்கள். மதர்போர்டு கிராபிக்ஸ் உங்கள் ராமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், இரண்டு ஸ்டிக் போட்டால் அதன் வேகமும் கூடும். படம் பார்க்க, பாடம் படிக்க, ஆபீஸ் வேலை செய்ய இது போதும். புது கம்ப்யூட்டர் என்றால், கேம்ஸ் உண்மையிலேயே வேண்டும் என்றால், 75 வாட்டுக்குள் ஒரு கார்டு தாராளமாக வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் மானிட்டரின் பின்பக்கம் பாருங்கள். நீல நிற விஜிஏ கேபிள் மட்டும்தான் இருக்கிறதா? நான் சொன்ன எந்தக் கார்டிலும், ஜிடி 730 நீங்கலாக, விஜிஏ கிடையாது. கன்வெர்ட்டருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். கார்டைப் பொருத்திய பின் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி கார்டில் செருகுங்கள். பழைய இடத்திலேயே விட்டு விட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்கு ஓடாதீர்கள்.