எந்த மொழியில் சம்மதம் கேட்கிறோம்?

திருவட்டாறு, குலசேகரம், மார்த்தாண்டம் வட்டாரத்தில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு மூன்று மொழிகள் அன்றாடம். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்த கன்னியாகுமரி மாவட்டப் பகுதி இது. வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இன்றும் நம் புறநோயாளி வரிசையில் நிற்கிறார்கள். நாம் நீட்டும் ஒப்புதல் படிவமோ பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

மொழி மாறினால் முடிவும் மாறலாம் என்று 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சார் குழு காட்டியது. 6 லட்சம் பேரைக் கொல்லக்கூடிய நோய், இரண்டு மருந்துகள். ஒன்றால் “2 லட்சம் பேர் பிழைப்பார்கள்” என்றபோது அதையே பலர் தேர்ந்தார்கள். அதே கணக்கை “4 லட்சம் பேர் இறப்பார்கள்” என்று திருப்பிச் சொன்னதும், பலனே நிச்சயமில்லாத மற்ற மருந்துக்குப் பலர் தாவினார்கள். பிறகு கற்ற மொழியில் கேட்டபோது இந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய மறைந்தது. தாய்மொழிச் சொல் நெஞ்சில் தைக்கிறது. கற்ற மொழி சற்றுத் தள்ளி நிற்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

அப்படியானால் ஆங்கிலமே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்குக் கேள்வி புரிந்திருந்தது. படிவத்தில் ஒரு வரியும் விளங்காமல் “டாக்டர் பாத்துச் செய்யுங்க” என்று கையெழுத்திடுபவர், முடிவையே நம்மிடம் விட்டுவிடுகிறார்.

நாம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே அபாயத்தை எடைபோடுகிறவர்கள். “பத்து சதவீத மார்ட்டாலிட்டி” நமக்கு ஓர் எண். வீட்டு மொழியில் அதைக் கேட்கும் மனைவிக்கு அது கணவனின் சாவு. ஆனால் நாமும் தப்பியவர்கள் அல்ல: நுரையீரல் புற்றுநோய் அறுவைசிகிச்சை குறித்த 1982ஆம் ஆண்டு ஆய்வில், பிழைப்பவர் கணக்கா இறப்பவர் கணக்கா என்பதைப் பொறுத்து மருத்துவர்களின் தேர்வும் மாறியது.

எனவே, வீட்டில் எந்த மொழி என்று கேட்டு கேஸ் ஷீட்டில் குறியுங்கள். “நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் செஞ்சா தொண்ணூறு பேர் பிழைக்காங்க, பத்து பேர் இறந்துபோறாங்க” என்று இரு பக்கக் கணக்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவசரமில்லை என்றால், வீட்டாரோடு பேசி மறுநாள் வரட்டும்.

பயன், அபாயம், மாற்றுவழி, மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றை அறிந்து தருவதே சம்மதம் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விளங்காத மொழியில் சொன்னால் இவற்றில் எதுவும் நோயாளியிடம் போய்ச் சேராது. இம்மாவட்ட மருத்துவமனைகள் தமிழிலும் மலையாளத்திலும் படிவம் அச்சிடட்டும். அதை வாசித்து விளக்கும் பத்து நிமிடத்தை நாம் சிகிச்சையின் பகுதியாகவே கொள்வோம்.