சொல்லை மாற்றினால் மொழியாகுமா?

தமிழிற் கணினிமொழி என்றதும் கட்டளைச் சொற்களைத் தமிழாக்குவதே நம்மவர் நினைவில் எழுகின்றது. முத்து அண்ணாமலையின் ‘எழில்’ அவ்வழியில் நற்றொண்டே. அதனோடு அமைதல் தகுமோ? 1958 இல் ஜோன் மக்கார்த்தி அட்சரகணிதக் கோவைகளைப் பொறியைக் கொண்டு வகையிட முனைந்தார்; தன்னைத்தானே அழைக்கும் சார்புகளை அதற்கெனக் கையாண்டார். லிஸ்ப் மொழி உருவாக அம்முயற்சியும் வழிசெய்தது.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் மாணவர் வகையீட்டைத் தமிழிலேயே பயில்கின்றனர். மாறிலியின் வகையீடு பூச்சியம். கூட்டுத்தொகையின் வகையீடு வகையீடுகளின் கூட்டுத்தொகை. பெருக்கத்துக்கோ இரண்டு உறுப்புகள். இவ்விதிகளை அவ்வாறே சார்புகளாக எழுதினால் சிறுமொழியொன்றின் கரு கிடைத்துவிடும். சுருக்குதலே கடினம்: பூச்சியத்தாற் பெருக்கியவற்றை நீக்காவிடில் விடை பக்கத்தை நிறைக்கும்!

ஆயத்த மென்பொருள் இருக்க இவ்வீண்வேலை ஏன் என்பர் சிலர். அது விடையைத் தரும். விதியைப் பொறிக்கு உணர்த்தும் பயிற்சியைத் தருமோ? நயினாதீவு மாணவி கொப்பியில் எழுதும் அவ்விதிகளைப் பொறிக்குக் கற்பிக்க நம்முள் எவர் முன்வருவார்?