பானை மூடியும் பனிமலைப் படமும்

ஆறகவைப் பிள்ளை ஒன்று விருந்தினர் முன் நிறுத்தப்படுகின்றது. 'எவாப்பரேசன், கண்டென்சேசன், பிரெசிப்பிட்டேசன்' என மூன்று சொற்களை மூச்சு விடாமல் முழங்குகின்றது. பெற்றோர் பூரிக்கின்றனர்; விருந்தினர் வியக்கின்றனர். சோறு கொதிக்கும் பானையின் மூடியைத் திருப்பிக் காட்டி, "இத் துளிகள் எங்கிருந்து வந்தன?" என்று வினவினாலோ, பிள்ளை விழிக்கின்றது. தான் முழங்கிய மூன்று சொற்களுள் நடுச்சொல்லின் பொருளே அம் மூடியின் அடியில் முத்து முத்தாய்த் தொங்குகின்றது என்பதை அதற்குச் சொன்னார் எவருமிலர். இதற்கு அறிவியற் கல்வி என்று பெயராம்!

இக் கேடு தனியார் பள்ளிகளோடு நின்றதன்று. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகலாயின. நீரும் முகிலும் என்னவென்று தாயிடம் கேட்டறிந்த பிள்ளை, பள்ளி வாயிலில் அவ்வறிவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகின்றது.

ஆங்கிலச் சொல்லே அறிவியற் சொல் என்பார் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முகில் வகைகளுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்களை இட்டவர் இலண்டனில் மருந்துத் தொழில் நடத்திய இலூக்கு ஓவார்டு என்பார், ஆண்டு 1802. அப் பெயர்கள் ஆங்கிலமே அல்ல, இலத்தீனம். பல நாட்டுக் கற்றாரும் ஒருபடித்தாய் வழங்குதற்கென்றே அவர் அம் மொழியை நாடினார். சிர்ரசு என்றால் மயிர்ச்சுருள். குமுலசு என்றால் குவியல். சிற்றேட்டசு என்றால் பரப்பிய படுக்கை. ஆங்கிலக் குழந்தைக்கும் இவற்றை ஒருவர் விளக்கியே ஆகவேண்டும். தமிழ்க் குழந்தைக்கோ கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில் என்றால் போதும். தென்னங்கீற்றை அறியாத பிள்ளை உண்டா? வானத்தை நோக்கித் தானே கைநீட்டி, "அதோ கீற்று!" என்று கூவும். விளக்கம் வேண்டாத சொல் வீட்டில் கிடக்க, விளக்கினாலும் விளங்காத சொல்லை விலை கொடுத்து வாங்குவது எவ்வகை அறிவுடைமை?

தமிழ்வழி நூல்களும் குறையற்றன அல்ல. கீற்று, திரள், படை என நல்ல தமிழில் தொடங்கி, அவற்றின் வாலில் 'மேகம்' என்னும் வடசொல்லை ஒட்டுவானேன்? முகில் உண்டு, மங்குல் உண்டு, மலைமேல் தவழும் மஞ்சு உண்டு, நீரைக் கொள்வது என்று தன் தொழிலையே பெயராகக் கொண்ட கொண்மூவும் உண்டு. (வீட்டுப் பழக்கத்தால் மேகம் என்று சொல்லும் பிள்ளையை அதட்ட வேண்டா, திருந்த வேண்டியவர் நூலெழுதுவோரே.) நீராவி மீண்டும் நீராவதை 'ஆவி சுருங்குதல்' என்கின்றனர். சுருங்குவது துணியன்றோ என்று பிள்ளை மயங்கும். "மூடி வியர்த்திருக்கிறது" என்பாள் தாய். அங்குத் தொடங்குக; கலைச்சொல் பின்னர் வரட்டும். ஈழத்து நூல்களில் மழையும் பனியும் ஒருங்கே 'படிவு வீழ்ச்சி' எனப்படும். மேல்வகுப்பில் அதற்குத் தேவை இருக்கலாம். குழந்தைக்கு மழை என்னும் ஈரெழுத்துச் சொல் போதாதா?

சொல் பிழைத்தால் பொருளும் பிழைக்கும். முகில் என்பது ஆவி என்றே வளர்ந்தோர் பலரும் எண்ணுகின்றனர். ஆவி கண்ணுக்குத் தெரியாதது. அது மேலேறும் காற்றோடு சென்று, காற்று விரிந்து குளிர்கையில், நுண்தூசியையும் உப்புத்துகளையும் பற்றிக்கொண்டு நீர்த்துளியாகின்றது. அத் துளிகளின் கூட்டமே முகில். ஒவ்வொன்றும் மயிரிழையின் பருமனிலும் சிறியது. பத்து இலக்கம் துளிகள் ஒன்றுசேர்ந்தாலே ஒரு மழைத்துளி. இதையும் அடுக்களையிலேயே காட்டலாம். கொதிகெண்டியின் மூக்கை ஒட்டி ஒன்றும் தெரியாத சிறு வெளி இருக்கும், அதுதான் ஆவி. சற்றுத் தள்ளி வெண்புகைபோல் எழுவது குட்டி முகில். கைசுடாத தொலைவில் பிள்ளையை நிறுத்திக் காட்டுதல் வேண்டும் என்பது மட்டுமே கருத வேண்டியது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், புகார்த்துறையில் பண்டங்கள் கப்பலேறுவதையும் கரையிறங்குவதையும் கூறவந்த இடத்து, வான் கடல்நீரை முகந்து மலையில் பொழிவதையும் மலைநீர் கடலில் பரவுவதையும் உவமை காட்டினார். நீர்ச்சுழற்சியை எல்லாரும் அறிந்த ஒன்றாக எண்ணினாலன்றி அதனை உவமையாக்கியிரார். அதற்காக எல்லாம் அன்றே அளந்தறிந்தோம் என்று மார்தட்டுதல் வீண். மழைநீரே ஆற்றுக்குப் போதும் என்பதை 1674-இல் சேன் ஆற்றில் அளந்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டுப் பெரோல்ட்டு. அளவை அவரிடம் கற்போம். அவர் அளந்தது தம் நாட்டு ஆற்றை என்பதையும் கற்போம்.

ஈங்குள்ள வகுப்பறைச் சுவரிலோ பனிமூடிய கொடுமுடியும் ஊசியிலை மரங்களும் தொங்குகின்றன! நெல்லைப் பிள்ளை அம் மலையை எங்குப் போய்ப் பார்க்கும்? அதன் கண்ணெதிரே பொதிகையில் மஞ்சு படிகின்றது. அங்குப் பிறக்கும் பொருநை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் புகுகின்றது. அதற்கு வடக்கே தூத்துக்குடி உப்பளங்கள். பாத்தியில் விட்ட கடல்நீரை வெயில் கொண்டுபோக, உப்பு மட்டும் எஞ்சிக் கிடக்கும். மழைநீர் கரிக்காதது ஏன் என்பதைப் பிள்ளை அவ்வுப்பைத் தொட்டே அறியும். காலையில் பாவநாசத்தில் பேருந்து ஏறினால் மாலைக்குள் மலை, ஆறு, கடல், உப்பளம் நான்கையும் காட்டி மீளலாம். செலவு, அந்தப் பனிமலைப் படங்களுக்கும் வண்ணப் பொத்தகங்களுக்கும் ஆண்டுதோறும் பெற்றோர் கொட்டுவதினும் குறைவே.