உச்சி இருக்கிறது, அடித்தளம் எங்கே?

2025 அக்டோபரில் குவாஹாட்டியில் நடைபெற்ற உலக ஜூனியர் பாட்மிண்டன் போட்டியில், 16 வயதே ஆன தன்வி சர்மா மகளிர் ஒற்றையர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கலப்பு அணிப் பிரிவில் இந்தியா முதன்முறையாக வெண்கலம் பெற்றது. போட்டி நடந்த இடம், இந்திய பாட்மிண்டன் சங்கம் அங்கே அமைத்துள்ள தேசிய உயர்திறன் மையம். தன்வியும் அங்கு பயிற்சி பெற்றவரே. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், ஒரே கூரையின்கீழ் பல ஆடுகளங்கள், தங்கும் விடுதி என எல்லா வசதிகளும் கொண்ட மையம் வடகிழக்கில் அமைந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், இத்தகைய மையங்களைத் திறந்துவிட்டாலே கடமை முடிந்துவிட்டதாக ஆட்சியாளர்கள் கருதிவிடக் கூடாது.

ஹைதராபாதின் அனுபவம் இதை உணர்த்துகிறது. 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்துக்கு, 2003-ல் அன்றைய ஆந்திர அரசு கச்சிபௌலியில் 5 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு அளித்தது. கட்டடம் எழுப்பப் பணமில்லை. தொழிலதிபர் ஒருவர் ரூ. 5 கோடி வழங்கினார். கோபிசந்த் தமது வீட்டை அடமானம் வைத்தார். 2008-ல் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. 2012-ல் லண்டனில் சாய்னா நெவாலின் வெண்கலம், 2016-ல் ரியோவில் பி.வி. சிந்துவின் வெள்ளி, 2019-ல் அவரது உலக சாம்பியன் பட்டம் ஆகியவை அங்கு விளைந்த பயன்கள்.

ஒரு வீரர் வீட்டை அடமானம் வைத்ததைத் தியாகம் என்று பாராட்டுகிறோம். உண்மையில் அது அரசு வெட்கப்பட வேண்டிய செய்தி. தனிமனிதரின் பிடிவாதத்தை நம்பி ஒரு தேசத்தின் விளையாட்டுத் திட்டம் இயங்க முடியாது. மேலும், ஒரே பயிற்சியாளரைச் சுற்றி உருவாகும் மையத்தில், அவரது நேரத்துக்காக முன்னணி வீரர்களே போட்டியிட நேர்கிறது. சாய்னா 2014-ல் பெங்களூருக்குச் சென்று, 2017-ல் மீண்டும் ஹைதராபாத் திரும்பியதை நாடு கண்டது.

இப்போது பணத்துக்குப் பெரிய குறை இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆயத்தத்துக்காக பாட்மிண்டனுக்குச் செலவிடப்பட்ட தொகை சுமார் ரூ. 72 கோடி. தடகளத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பெற்ற விளையாட்டு இதுவே. பதக்கம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. லக்ஷயா சென் நான்காம் இடத்தோடு திரும்பினார். அதே பாரிஸில், சில வாரங்களில் நடந்த பாராலிம்பிக்கில், பாட்மிண்டனில் மட்டும் இந்தியா 5 பதக்கங்களை வென்றது. அவர்களில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய மூவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. புகழ் வெளிச்சத்துக்கு அப்பாலும் திறமை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உயர்திறன் மையம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைக் கூர்தீட்டும் இடம். தேர்ந்தெடுப்பதற்கு ஆள் வேண்டுமே! பாட்மிண்டன் பொதுவாக நினைப்பதுபோல எளிய ஆட்டம் அல்ல. உள்ளரங்கம் இன்றிப் பயிற்சி பெற இயலாது. இறகுப் பந்துகள் ஒரே நாளில் பல வீணாகும். மட்டை, காலணி, பயிற்சிக் கட்டணம், வெளியூர்ப் பயணம் எனச் செலவு ஆண்டுக்கணக்கில் நீளும். இவற்றையெல்லாம் பெற்றோரே சுமக்கின்றனர். வசதி படைத்தவராகவோ, குடும்பத் தொழில் உள்ளவராகவோ இல்லாவிட்டால் பிள்ளைகளை விளையாட்டுத் துறையில் இறக்க வேண்டாம் என்று 2025-ல் அறிவுறுத்தியவர் வேறு யாருமல்ல, கோபிசந்த்தான். சாம்பியன்களை உருவாக்கியவரே இப்படிச் சொல்கிறார் எனில், கோளாறு எங்கோ ஆழத்தில் இருக்கிறது.

அரசியல் சட்டப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால், நிதியும் திட்டமும் தில்லியிலிருந்தே வருகின்றன. அதனால் மத்திய அரசு உச்சியை மட்டும் பார்க்கிறது. மாநில அரசுகளோ பதக்கம் வென்றவருக்குப் பரிசுத் தொகை அறிவிப்பதோடு நின்றுவிடுகின்றன. 2030 காமன்வெல்த் போட்டியை ஆமதாபாத் நடத்தவிருக்கிறது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா விருப்பம் தெரிவித்துள்ளது. புதிய அரங்கங்களுக்குக் கோடிகள் கொட்டப்படும் வேளையில், மாவட்டந்தோறும் குறைந்த கட்டணத்தில் இயங்கும் உள்ளரங்கமும், நிரந்தர ஊதியம் பெறும் பயிற்சியாளரும், காயமுற்றால் கவனிக்க மருத்துவ வசதியும் ஏற்படுத்த எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.

ஆட்டத்தைக் கைவிடும் இளைஞருக்குக் கல்வியும் வேலையும் உறுதி செய்யப்பட வேண்டும். ஆயிரம் பேர் ஆடத் தொடங்கினால் ஒருவரே உச்சியைத் தொடுவார். மீதமுள்ள 999 பேரின் வாழ்வுக்கும் வழி சொல்லாத திட்டத்தை நம்பி, ஏழைப் பெற்றோர் தம் பிள்ளையின் கையில் மட்டையைக் கொடுக்க மாட்டார்கள்.