சாய்ந்த சுவர் பிரச்னை இல்லை... சின்னப் பலகைதான் பிரச்னை! போர் அருங்காட்சியகங்களும் முன்னாள் வீரர்களின் கோபமும்

கனடா தலைநகர் ஒட்டாவாவில் உள்ள போர் அருங்காட்சியகத்துக்குள் போனால், செங்குத்தாக நிற்கும் சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூச்சு இல்லாத கான்கிரீட் சுவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. கூரை மேல் புல் வளர்ந்திருக்கிறது. வாசலில் வெற்றி வளைவோ, குதிரை மேல் அமர்ந்த தளபதியோ கிடையாது.

இப்படி ஒரு 'மாடர்ன்' கட்டடத்தைப் பார்த்து, இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட பெரியவர்கள் கொதித்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால், 2005-ல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் மிகப் பெரிய சண்டை வந்தது சுவரால் அல்ல. சுவரில் மாட்டியிருந்த ஒரு சிறிய விளக்கப் பலகையால். ஏன் அப்படி?

கட்டடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இதை வடிவமைத்தவர் ரேமண்ட் மோரியாமா. டொரொன்டோவில் உறவினர் இருப்பவர்கள் அவருடைய வேலையைத் தெரியாமலேயே பார்த்திருக்கலாம். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவின் சிவிக் சென்டர் அவர் கட்டியதுதான்.

மோரியாமாவின் கதையிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஜப்பானிய வம்சாவளியில், 1929-ல் வான்கூவரில் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்களை அந்த நாட்டு அரசு வீடு வாசலைவிட்டு வெளியேற்றியது. அதில் சிறுவன் மோரியாமாவும் முகாமுக்குப் போனார். அதே நாட்டின் போர் அருங்காட்சியகத்தைக் கட்டும் பொறுப்பு பிற்காலத்தில் அவரிடமே வந்தது. அவர் எடுத்துக்கொண்ட கரு 'மறுபடி துளிர்ப்பது'. போரில் சிதைந்த மண்ணில் மெல்லப் புல் முளைப்பதுபோல, கட்டடமே தரையிலிருந்து எழுந்து வருகிறது.

உள்ளே நினைவு மண்டபம் என்று ஓர் அறை. அங்கே இருப்பது ஒரே ஒரு பொருள்: பெயர் தெரியாத கனடிய வீரர் ஒருவரின் பழைய கல்லறைக் கல். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11, காலை 11 மணிக்கு, அதாவது முதல் உலகப் போர் முடிந்த அதே நேரத்தில், வெயில் இருந்தால் ஜன்னல் வழியாக வரும் ஒளி நேராக அந்தக் கல்லில் விழும். இதற்காகவே கணக்குப் போட்டு ஜன்னலை வைத்திருக்கிறார்கள். கூரை முனையில் உள்ள சிறு ஜன்னல்களோ, மறக்க மாட்டோம் என்ற செய்தியை மோர்ஸ் குறியீட்டில் சொல்கின்றன.

முன்னாள் வீரர்களுக்கு இதில் என்ன பங்கு?

அவர்கள் இல்லாமல் இந்தக் கட்டடமே இல்லை எனலாம். பழைய அருங்காட்சியகம் இட நெருக்கடியில் தவித்தது. 1990-களின் இறுதியில் அதை விரிவாக்க ஒரு திட்டம் வந்தது. யூத இனப்படுகொலைக்கும் அதில் ஒரு கூடம் ஒதுக்குவதாக இருந்தது. முன்னாள் வீரர்களின் அமைப்புகள் எதிர்த்தன. அந்தப் படுகொலை நினைவுகூரப்பட வேண்டும், ஆனால் அதற்குத் தனி இடம் தேவை. இது கனடிய வீரர்களின் கதையைச் சொல்லும் இடம் என்பது அவர்கள் வாதம். 1998-ல் விவகாரம் செனட் துணைக்குழு வரை போய், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு புதிய கட்டடத்துக்கு நிதி திரட்டும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவரும் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி பால் மேன்சன்தான். சாய்ந்த சுவர் வருவதற்கு முன்பே 'இது நம்ம இடம்' என்ற உணர்வு வீரர்களுக்கு வந்துவிட்டது.

அப்புறம் சண்டை எதற்கு?

திறந்த ஆண்டிலேயே முதல் உரசல். 1993-ல் சோமாலியாவில் கனடிய வீரர்கள் ஓர் இளைஞரைச் சித்திரவதை செய்து கொன்ற கொடுமையை வைத்து கெர்ட்ரூட் கெர்ன்ஸ் வரைந்த ஓவியம் அங்கே மாட்டப்பட்டது. முன்னாள் வீரர்களின் மூத்த தலைவர் கிளிஃப் சாடர்டன் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அருங்காட்சியகம் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்தது பெரிய சண்டை. ஜெர்மன் நகரங்கள் மீது நேசநாடுகள் நடத்திய குண்டுவீச்சு பற்றிய பலகையில், அந்தத் தாக்குதல் நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை என்று எழுதியிருந்தார்கள். லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் இறந்ததையும், போரின் கடைசிக் கட்டம் வரை ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை என்பதையும் அது சொன்னது. கூடவே இறந்த பொதுமக்களின் படங்கள்.

'பாம்பர் கமாண்ட்' எனப்படும் அந்தப் பிரிவின் சுமார் 1,25,000 விமானக் குழுவினரில் 55,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அதில் சுமார் 10,000 பேர் கனடியர்கள். உயிரோடு திரும்பி, எண்பது வயதைத் தாண்டியவர்கள் அந்தப் பலகை முன் நின்றபோது, 'நீங்கள் செய்தது குற்றம்' என்று தங்களைப் பார்த்துச் சொல்வதுபோல உணர்ந்தார்கள்.

அருங்காட்சியகம் நான்கு வரலாற்றாசிரியர்களிடம் கருத்துக் கேட்டது. அவர்களிடமும் ஒருமித்த பதில் வரவில்லை. 2007-ல் செனட் துணைக்குழு தலையிட, பலகை திருத்தி எழுதப்பட்டது. புதிய வாசகம் நீளமானது, இதமானது. 'வரலாற்றை வீரர்களின் அழுத்தத்துக்காக மாற்றுவதா?' என்று இன்னொரு தரப்பு கொந்தளித்தது.

அதே இரவு, எதிர்ப்பக்கத்திலிருந்து

அந்தக் குண்டுகள் விழுந்த நகரங்களில் ஒன்று டிரெஸ்டன். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய தாக்குதலில் கனடிய விமானங்களும் இருந்தன. இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று 2010-ல் வரலாற்றாசிரியர் குழு ஒன்று முடிவு சொன்னது.

அந்த நகரில் ஜெர்மன் ராணுவமே ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறது. 1870-களில் கட்டிய பழைய ஆயுதக் கிடங்கு. யூத இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்களின் மகனான டேனியல் லிபெஸ்கிண்ட், கண்ணாடியும் உலோகமுமான ஒரு பிரம்மாண்ட ஆப்பை அந்தக் கட்டடத்தின் நடுவே அடித்து இறக்கியதுபோல வடிவமைத்தார். 2011-ல் திறந்தார்கள். ஆப்பின் முனை, குண்டுவீச்சு தொடங்கிய திசையைக் காட்டுகிறது. மேலே ஏறினால் டிரெஸ்டன் மட்டும் இல்லை. ஜெர்மனி முதலில் குண்டுவீசிய போலந்தின் வியலுன், நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரங்களின் கதையும் இருக்கிறது. 'எங்கள் துயரம்' என்று சொல்லும் இடத்திலேயே 'நாங்கள் தந்த துயரம்' என்பதும் வருகிறது.

அப்போ வடிவத்தை யாரும் எதிர்த்ததே இல்லையா?

எதிர்த்திருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர்தான் பெரிய உதாரணம். மாயா லின் என்ற 21 வயது மாணவியின் டிசைன் 1981-ல் தேர்வானது. மண்ணுக்குள் இறங்கும் கறுப்புச் சுவர், அதில் இறந்தவர்களின் பெயர்கள், அவ்வளவுதான். 'இது அவமானச் சின்னம்' என்று முன்னாள் வீரர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். சமரசமாக, மூன்று வீரர்களின் சிலை 1984-ல் அருகில் வைக்கப்பட்டது. ஆனால், காலப்போக்கில் ஜனங்கள் தேடிப் போய்த் தொட்டு அழுதது அந்தச் சுவரைத்தான். 58,000-க்கும் அதிகமான பெயர்கள் அதில் இருக்கின்றன.

நம்ம நாட்டில்?

டெல்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தை வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனின் குழு. பெரிய கோபுரம் இல்லை. வட்டத்துக்குள் வட்டமாகச் சுவர்கள், திறந்தபோது அவற்றில் 25,942 பெயர்கள் இருந்தன. இந்த நவீன வடிவம் பெரிய சர்ச்சை ஆகவில்லை. ஆனால், 1972 முதல் இந்தியா கேட்டில் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் இங்கே கொண்டுவந்து இணைத்தபோது ஓய்வுபெற்ற அதிகாரிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். 'அந்த ஜோதியோடு எங்கள் உணர்வு கலந்திருக்கிறது' என்றனர் ஒரு தரப்பினர். 'நம் வீரர்களின் பெயர் எங்கே இருக்கிறதோ, ஜோதியும் அங்கேதான் எரிய வேண்டும்' என்றனர் மறுதரப்பினர்.

ஆக, என்னதான் பிரச்னை?

'பெரியவர்களுக்கு மாடர்ன் டிசைன் பிடிக்காது' என்று இதைச் சுருக்கிவிடுவது தப்பு. வீரர்கள் ஒரு கட்டடத்தைப் பார்த்துக் கேட்பது, 'இது எங்களுக்கு என்ன தீர்ப்புச் சொல்கிறது?' என்றுதான். ஒட்டாவாவின் சாய்ந்த சுவர், போர் எல்லாவற்றையும் குலைத்துவிடும் என்று மட்டும் சொன்னது. அது வீரர்களுக்கும் தெரிந்த உண்மை. வாஷிங்டன் சுவர் தங்களைக் குற்றவாளியாக்குகிறது என்று நினைத்தவரை எதிர்ப்பு இருந்தது; அதில் நண்பனின் பெயரைப் பார்த்ததும் கரைந்தது.

பலகை அப்படி இல்லை. அது கேள்வி கேட்கும். அஞ்சலி செலுத்த நினைவிடம் போதும். அருங்காட்சியகம் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியை எழுதும்போது, அன்று விமானத்தில் இருந்தவரும் கீழே வீட்டில் இருந்தவரும் அதைப் படிக்க வருவார்கள் என்ற நினைப்பு இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரைப் பார்த்தவர்கள் இப்போது நூறு வயதை நெருங்குகிறார்கள். இனி அந்தப் பலகையின் முன் நின்று 'இது சரியில்லை' என்று சொல்ல அவர்களில் யாரும் இருக்கப்போவதில்லை. எழுதுபவர்களின் பொறுப்பு அதனால் கூடத்தான் செய்கிறது.