கீழே பறந்த பைக், கோத்தகிரி ஏற்றத்தில் ஏன் திணறுகிறது?

கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரின் கேள்வி இது. 2017-ல் வாங்கிய 125 சிசி பைக்கில்தான் பச்சைத் தேயிலை மூட்டையைக் கொள்முதல் மையத்துக்குக் கொண்டுபோகிறார். ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று சமவெளியில் உள்ள ஒரு டீலரின் சர்வீஸ் பிரிவில் சொல்லியிருக்கிறார். பெரிய சிலிண்டர், பிஸ்டன், கார்பரேட்டர் மாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி, 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார்கள். ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. மூட்டை ஏற்றினால் வளைவில் அணைந்துபோகிறது. இலை வாடிச் சூடேறினால் தரம் போய்விடும் என்பதால், இப்போது ஆட்டோவுக்கு வாடகை கொடுக்கிறார். இரண்டு முறை வண்டியைக் கீழே கொண்டுபோயும், ‘இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்கிறார்.

டீலர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. கீழே அந்த வண்டி நன்றாகவே ஓடியிருக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். உதகை 2,200-ஐத் தாண்டும். மேட்டுப்பாளையத்துக் காற்றோடு ஒப்பிட்டால் கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. கீழே எந்த ஜெட் வைத்து டியூன் செய்தார்களோ, அதே கணக்கில்தான் பெட்ரோலை விடும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் பிளக்கில் கரி பிடிக்கும், புகை வரும், ஏற்றத்தில் மூச்சு முட்டும். பெரிய கார்பரேட்டரைக் கீழேயே வைத்து டியூன் செய்து அனுப்பியிருந்தால் மேலே வந்ததும் இது இன்னும் கூடும்.

ஆகவே ‘இங்கே ஓடுகிறதே’ என்ற பதில், பதிலே அல்ல. மலையில் சுமையோடு ஓடுவதற்காகத்தான் வேலை கொடுக்கப்பட்டது; அங்கே ஓட்டிப் பார்த்துத்தான் குறையைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எவ்வளவு சரியாக டியூன் செய்தாலும் மலையில் எஞ்சினின் சக்தி ஓரளவு குறையத்தான் செய்யும். அதற்கு டீலரைக் குறை சொல்ல முடியாது. புகையும் அணைந்துபோவதும் வேறு விஷயம்.

இந்த வழக்கில் பெரிய முடிச்சு எஞ்சினில் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அதில் எஞ்சினின் கொள்ளளவு சிசி கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறான மாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் இடம் உண்டு. டீலரே மாட்டினார் என்பது சாலையில் பிடிபடும்போது உதவாது.

அதனால் ‘இன்னொரு முறை டியூன் செய்து கொடுங்கள்’ என்று கேட்பதில் பயனில்லை. பழைய சிலிண்டரையும் கார்பரேட்டரையும் திரும்ப மாட்டிக் கொடுத்து, வாங்கிய பணத்தையும் கொடுக்க வேண்டும் என்று கேட்பதே சரி. கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று முதலில் விசாரிக்க வேண்டும். பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

அதுவரை வண்டியைச் சாலையில் எடுக்காமல் இருப்பது நல்லது. உள்ளூர் மெக்கானிக்கிடம் பிரிக்கவும் கொடுக்கக் கூடாது. பிரித்துவிட்டால், ‘வேறு ஆள் கை வைத்ததால்தான் கெட்டது’ என்று டீலர் எளிதாகத் தப்பிவிடுவார். பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்து வைக்கலாம். தோட்டத்துப் பாதையில் மூட்டையோடு ஏறும்போது புகைவதையும் அணைவதையும் செல்போனில் பதிவு செய்யலாம். பில், ஜாப் கார்டு, பணம் கட்டிய ரசீது, ஆட்டோ வாடகைச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். பில்லில் வெறுமனே ‘எஞ்சின் வேலை’ என்று எழுதியிருந்தால், என்னென்ன பாகம் மாட்டினார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

பிறகு டீலருக்கு ஒரு கடிதம். கோபம் இல்லாமல் தேதி, தொகை, மாட்டிய பாகம், மலையில் நடப்பது, கேட்பது என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி, மேலே வந்து சோதித்துப் பார்க்கவும் அழைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். நகல் பைக் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும். நிறுவனம் அனுமதிக்காத பாகத்தைத் தன் டீலரே மாட்டினார் என்றால் அவர்களுக்கும் தலைவலிதான். இந்த நகலுக்குப் பிறகே பல டீலர்கள் போனை எடுக்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

பதில் வராவிட்டால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் சமவெளியில் இருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘தொழிலுக்கு ஓட்டும் வண்டி, இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த் தரப்பு சொல்லிப் பார்க்கும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதற்கு அந்தத் தடை பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. தரமற்ற விதையால் நஷ்டப்பட்ட ஆந்திர விவசாயிகளின் வழக்கில், தேசிய விதைக் கழகத்தின் வாதத்தை ஏற்காமல், விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. ஆனால் ‘ஆர்.சி.க்கு மாறான வேலைக்கு ஏன் சம்மதித்தீர்கள்’ என்ற கேள்வி ஆணையத்தில் உரிமையாளரிடமும் வரும். அது சட்டப்படி கூடாது என்று டீலர் சொல்லவில்லை, தெரிந்ததும் வண்டியைச் சாலையில் எடுக்கவில்லை என்று சொல்லும் நிலையில் அவர் இருக்க வேண்டும்.

இழுவைப் பிரச்சினைக்கு எஞ்சினைத் தொடாமலே வழி உண்டு. முன் செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால், உதாரணமாக 14-க்குப் பதில் 13 என்றால், இழுவை ஏழு, எட்டு சதவீதம் கூடும். வேகம் அதே அளவு குறையும். மூட்டை ஏற்றுபவருக்கு வேகம் எதற்கு? பழைய கார்பரேட்டரிலும் மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக மாற்றலாம். மலையில் உள்ள மெக்கானிக்குகளுக்கு இது பழகிய வேலை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 பைக்குகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லை. உயரத்துக்கேற்பப் பெட்ரோலைக் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும். அவற்றில் சிலிண்டரை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கும் கெட்டு எஞ்சின் சூடேறும், வாரண்டியும் போகும்.

களை வெட்டும் பிரஷ் கட்டருக்கும், கார்பரேட்டர் உள்ள இலை பறிக்கும் இயந்திரத்துக்கும் இதே கதைதான். கீழே கடை வாசலில் ஓட்டிக் காட்டியதை நம்பிப் பணம் கட்டாமல், மலைக்கு ஏற்ப டியூன் செய்து தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.