சீனித்தூள் எதற்கு?

தலைமன்னாரில் தேன்பெட்டி வைப்பவரும் மாதந்தோறும் 300 தேனீயைப் போத்தலில் போட்டு, சீனித்தூள் தூவிக் குலுக்கி, உதிரும் வரோவா உண்ணியை எண்ண வேண்டுமாம். மேலைத் தேனீ வளர்ப்பவருக்கு நல்ல யோசனை. இங்கே பெட்டியில் இருப்பது நாட்டுத் தேனீ. அந்த உண்ணி இதனோடுதான் வாழ்ந்து பழகியது. 1904இல் அதற்குப் பெயரிட்டதே ஜாவாவில் இந்த இனத்தின் கூட்டில் கண்டுதான்.

நாட்டுத் தேனீயிடம் அது பெரும்பாலும் ஆண் புழு அறையில்தான் பெருகும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் அது. மெழுகு மூடியை ஊசியால் கிளப்பி, கூட்டுப்புழுவை மெல்ல இழுங்கள். வெள்ளை உடம்பில் செம்பழுப்பு நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக உண்ணி ஒட்டியிருக்கும். கண்ணாடிகூடத் தேவையில்லை, என் வயதுக்காரருக்குத் தவிர. சிறு குடும்பத்தில் 300 தேனீயை அள்ளிக் குலுக்கினால் மிச்சமும் பெட்டியை விட்டு ஓடிவிடக்கூடும்.

சோதனையே வேண்டாம் என்கிறேனா? இல்லை, அடையில் உள்ள புழுவையும் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாட்டுத் தேனீப் பெட்டிகளைக் காலியாக்கியது உண்ணியல்ல, தாய்லாந்துப் பைப்புழு வைரஸ். அடையில் புழு நீர் கோத்த பைபோல் வீங்கிக் கிடக்கும். அதை எந்தச் சீனித்தூளும் உதிர்த்துக் காட்டாது.